கால் விறைத்துத் தடுமாறும் கிடாக்குட்டி

கேள்வி: "எங்கள் வெள்ளாட்டுக் கிடாக்குட்டிக்கு நான்கு மாதம் ஆகிறது. தெரிந்த ஆள் ஒருவர் பிளேடால் காயடித்து இரண்டு வாரம் இருக்கும். முந்தாநாள் முதல் நான்கு காலும் கட்டைபோல் விறைத்துவிட்டன. நடந்தால் தடுமாறி விழுகிறது, எழ முடியவில்லை. தழையை மோந்து பார்க்கிறது, தின்னவில்லை. வாதமா? எண்ணெய் தேய்த்து நீவிவிடலாமா?"
– ஒரு வாசகி, கள்ளிக்குப்பம், அம்பத்தூர்.

பதில்: நீவ வேண்டாம். தொட்டாலும், சத்தம் கேட்டாலும் இந்த விறைப்பு கூடும். காயடித்த இரண்டு வாரத்தில் இப்படி வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ரண ஜன்னி, அதாவது டெட்டனஸ். சாணத்திலும் மண்ணிலும் இருக்கும் கிருமி புண்ணுக்குள் போய், காற்றுப் படாத இடத்தில் பெருகி நஞ்சைக் கக்குகிறது. மேலே புண் ஆறியதுபோல் தெரிந்தாலும் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். காது, வால் விறைத்து நிற்கிறதா, கண்ணின் மூலையிலிருந்து வெள்ளைச் சவ்வு விழியை மூடுகிறதா, வயிறு உப்புகிறதா என்று பாருங்கள். பசி இருந்தும் தின்னாததற்குக் காரணம், தாடை பூட்டிக்கொள்வதுதான்.

எல்லாத் தடுமாற்றமும் டெட்டனஸ் ஆகிவிடாது. சோறும் மண்டபத்து மிச்சமும் அதிகம் தின்னும் ஆடுகளுக்கு பி1 வைட்டமின் குறைந்து, தலை பின்னால் வளையும், கண் தெரியாமல் சுவரில் முட்டும். சீக்கிரம் ஊசி போட்டால் பிழைக்கும். துள்ளுமாரியில் குட்டி திடீரென்று துடித்து, பெரும்பாலும் ஒரே நாளில் இறந்துவிடும். மாட்டுக்கு மழைக்காலத்தில் கடும் காய்ச்சலோடு கால் பிடித்தால் மூன்று நாள் காய்ச்சலாக இருக்கலாம். வெறிநோயிலும் நடை தடுமாறும், வாய் ஒழுகும். அதனால் எந்தக் காரணத்துக்காகவும் வாய்க்குள் கை விட்டுப் பார்க்காதீர்கள்.

கஞ்சி புகட்டுவதும் ஆபத்து. விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும். இருட்டான, சத்தமில்லாத இடத்தில் வைக்கோல் பரப்பிப் படுக்க வையுங்கள். ஆட்டோவில் ஏற்றி வேப்பேரி வரை குலுக்கிக்கொண்டு போவதைவிட, 1962க்கு அழைத்தோ பக்கத்து கால்நடை மருத்துவரிடம் சொல்லியோ வீட்டுக்கு வரவழைப்பது நல்லது. அவர் புண்ணைத் திறந்து கழுவி, நஞ்சுமுறிவு ஊசியும் பெனிசிலினும், தசை தளர மருந்தும் கொடுப்பார். இவ்வளவும் செய்தும் பல குட்டிகள் பிழைப்பதில்லை. அதை மறைப்பதில் பயனில்லை. இதழ் கைக்கு வரும்வரை காத்திருக்காமல் இதற்குள் மருத்துவரை அழைத்திருப்பீர்கள் என்று நம்பலாம்.

கொட்டகையில் வேறு கிடாக்கள் இருந்தால், அவற்றைப் பிளேடுக்குக் கொடுக்காதீர்கள். தோலைக் கிழிக்காமல் நசுக்கும் பர்டிசோ கருவியால் கால்நடை மருந்தகத்தில் செய்துகொள்ளலாம். ஒன்று கவனிக்க வேண்டும்: காயடிக்கும் அன்றே போடும் தடுப்பூசி அந்தப் புண்ணுக்கு உதவாது, உடம்பில் எதிர்ப்பு வளர வாரக்கணக்கில் ஆகும். முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கு நஞ்சுமுறிவு ஊசிதான் காக்கும். குட்டி பிறந்தவுடன் தொப்புளில் அயோடின் தடவுவதையும் விடாதீர்கள். அதே கொட்டகையில் வெறுங்காலோடு சாணம் அள்ளும் உங்களுக்கும் டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று பார்த்துக்கொள்ளுங்கள்.