ஊரே காத்திருந்த குழந்தை

சாக்லெட் தொழிற்சாலையில் வேலைக்குச் சேருகிறாள் லூஸி. மிட்டாய்கள் ஓடி ஓடி வருகின்றன. காகிதம் சுற்றி மாளவில்லை. வாயிலும் தொப்பியிலும் சட்டைக்குள்ளும் திணித்துக் கொள்கிறாள்! 1952-ல் வந்த அந்தக் காட்சியை இன்று பார்த்தாலும் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள்.

'ஐ லவ் லூஸி' என்ற அந்த அமெரிக்க டெலிவிஷன் நாடகத்தின் நாயகி லூஸில் பால், 1911-ல் ஜேம்ஸ்டவுனில் பிறந்தவர். மூன்று வயதில் தகப்பனாரை டைபாய்டு கொண்டு போயிற்று. பதினைந்தில் நாடகப் பள்ளிக்குப் போனார். நடிப்பு வராதென்று கை விரித்துவிட்டார்கள். சினிமாவிலும் பல வருஷம் சில்லறை வேஷங்கள்தாம். டெலிவிஷனில் புகழ் வந்தபோது வயது நாற்பது. அதிலும், "என் சொந்தக் கணவரே நாடகத்திலும் கணவராக வரவேண்டும்" என்று பிடிவாதம் பிடித்தார். கணவர் டெஸி ஆர்னாஸ் கியூபாக்காரர். சங்கீத கோஷ்டி நடத்தியவர். கம்பெனிக்காரர்கள் தயங்கினார்கள். தம்பதி ஊர் ஊராய் மேடையேறி ஜனங்களைச் சிரிக்க வைத்துக் காட்டினார்கள்.

1952-ல் லூஸில் மறுபடி கர்ப்பமானார். வந்தது வினை! கர்ப்பிணியைத் திரையில் காட்டுவதா? நாற்காலிக்குப் பின்னால் நின்று வயிற்றை மறைக்கச் சொன்னார்கள் பெரிய மனிதர்கள். தம்பதி மசியவில்லை. கடைசியில் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு புராட்டஸ்டண்டு குரு, ஒரு யூத குரு, மூவரும் வசனத்தைப் படித்துப் பார்த்துச் சரி என்றார்கள். ஆனாலும் 'கர்ப்பம்' என்ற சொல் கூடாதாம்! நம் பாட்டிமார் 'முழுகாமல் இருக்கிறாள்' என்பார்களே, அப்படியொரு நாசூக்கான சொல்லைத் தேடிப் போட்டார்கள்.

1953 ஜனவரி 19 இரவு, திரையில் லூஸிக்கு ஆண் குழந்தை. அன்று காலைதான் ஆஸ்பத்திரியில் லூஸிலுக்கும் ஆண் குழந்தை! பார்த்தவர்கள் 4 கோடி 40 லட்சம் பேர். மறுநாள் ஐஸன்ஹோவர் ஜனாதிபதியாகப் பதவியேற்றதைக்கூட அத்தனை பேர் பார்க்கவில்லை.

நிஜக் குடும்பம் நிலைக்கவில்லை, சகோதரிகளே. 1960 மார்ச்சில் ஒருநாள் இருவரும் கடைசி நாடகத்தில் முத்தமிட்டு நடித்தார்கள். மறுநாள் லூஸில் விவாகரத்துக்கு மனுப் போட்டார்.

1962-ல் கணவரின் பங்கையும் விலை கொடுத்து வாங்கி, இருவரும் வளர்த்த டெஸிலு ஸ்டூடியோவுக்குத் தாமே தலைவியானார். தாம் முன்பு சம்பளத்துக்கு நடித்த ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவின் கட்டடங்களும் அதில் அடக்கம்! அதே வருஷம் தொடங்கிய புது நாடகத்தில் அவருக்கு என்ன வேஷம் தெரியுமோ? தன் பணத்தைத் தானே எடுக்க முடியாமல் பாங்கிக்காரரிடம் கெஞ்சும் ஒரு விதவை.