வயிற்றுப் பிள்ளைக்கு வைத்தியம் உண்டா?

சென்ற மாதம் கொல்லிமலை ஆலத்தூர் நாட்டுக்குப் போயிருந்தேன். இளந்தாய் ஒருத்தி தனியே அழைத்துக் கேட்டாள்: "அக்கா, மூத்த பிள்ளைக்குத் தாலசீமியா. மாசந்தவறாம 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போய் ரத்தம் ஏத்திட்டு வரோம். இப்ப மறுபடியும் ரெண்டு மாசம். வயித்துல இருக்கும்போதே ஸ்டெம் செல் ஏத்திக் குணமாக்குறாங்களாமே, நிஜமா?"

சகோதரிகளே, அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

ஸ்டெம் செல் என்பது எலும்பு மஜ்ஜையில் இருந்துகொண்டு ரத்த அணுக்களை உண்டாக்கும் மூலச்செல். பிறந்த குழந்தையின் உடம்பு பிறர் செல்லை எதிர்க்கும். கருவிலோ அந்த எதிர்ப்புச் சக்தி முதிர்ந்திருக்காது. இதை வைத்துத்தான் சான்பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவர்கள், ஆல்பா தாலசீமியா கண்ட சிசுவுக்குத் தாயின் மூலச்செல்லையே தொப்புள்கொடி வழியாகச் செலுத்தினார்கள். அந்தப் பெண் குழந்தை 2018-ல் உயிருடன் பிறந்தது. ஆனால் பிறந்த பிறகும் ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. ஆகவே இது இன்னும் ஆராய்ச்சிதான். கைகண்ட வைத்தியம் அல்ல.

அதை நம்பி நாளைக் கடத்தக்கூடாது. தாய், தகப்பன் இருவரிடமும் குறை மறைந்திருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் 4-ல் 1 பங்கு நோய் வரலாம். "முதல் பிள்ளைக்கு வந்தாச்சு, இனி வராது" என்பது தப்புக் கணக்கு. 10 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியில் துளி எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வேலூர் சி.எம்.சி.யில் இந்த வசதி உண்டு. அதற்கு முன் பெற்றோர் ரத்தத்தில் எந்த ஜீன் கோளாறு என்று கண்டறிய வேண்டும். அதனால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

பிறக்கும் குழந்தை ஆரோக்கியமாக இருந்து, மஜ்ஜையும் பொருந்தினால், பின்னாளில் மூத்ததற்கே அது கைகொடுக்கலாம். அதே வேலூரில் 1986-லிருந்து மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கிறது.

கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண்களே! அத்தை மகனோ, மாமன் மகனோ, அயலோ, யாரானாலும் ஜாதகத்தோடு ஹீமோகுளோபின் ஏ2 ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிடுங்கள். ஆயுளுக்கு ஒரு தடவை போதும்.

மாமியார்மார்களுக்கும் ஒரு வார்த்தை: இந்த நோய் இரண்டு பக்கமும் சேர்ந்து வருவது. மருமகளை மட்டும் குறை சொல்லாமல், மகனையும் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.