'அட்மினாக ஓட்டிப் பாருங்க' என்று சொல்லும் ஆசாமிகளுக்கு

பேரனின் காதுகுத்துப் படங்களைக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அவை நாளைக்கு. இன்றைக்கு ஒரு கோபத்தை இறக்கி வைத்தாக வேண்டும்.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். பாலிடெக்னிக்கில் என்னிடம் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர், இப்போது சொந்தமாக எடை மேடை வைத்திருக்கிறார். கரும்பு, நெல், பழைய இரும்பு எல்லாம் அங்கே எடைக்கு வரும். "சார், இண்டிகேட்டர்ல எடை தெரியுது, கம்ப்யூட்டர்ல வரமாட்டேங்குது. மூணு நாளா கையாலதான் அடிச்சுச் சீட்டுப் போடுறேன்" என்றார். குரலே சரியில்லை. முந்தின நாள் ஒரு விவசாயி, "நீ அடிக்கிறதுதானே சீட்டுல வருது, அது சரின்னு நான் எப்படி நம்புறது?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டுவிட்டாராம். கேட்டதில் நியாயம் இருந்தது. 14,280 என்று காட்டியதை இவர் அவசரத்தில் 12,480 என்று அடித்திருக்கிறார். 1,800 கிலோ! திருத்திக் கொடுத்துவிட்டார், ஆனாலும் பெயர் போனது போனதுதான்.

அந்த மென்பொருளை விற்றவர்கள் போனில் என்ன சொன்னார்கள் தெரியுமா? முதலில் 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்கள். வரவில்லையா, அழித்துவிட்டு மறுபடி நிறுவுங்கள். அதற்கும் வரவில்லையா, விண்டோஸையே ஃபார்மேட் செய்யுங்கள். கடைசியில், இண்டிகேட்டர் போர்டு போயிருக்கும், புதிது வாங்குங்கள். ஒருவராவது "திரையில் என்ன பிழைச்செய்தி வருகிறது?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் கிடைத்திருக்காது. அவர்கள் எழுதிய புரோகிராம் காட்டுவது 'இணைப்பு இல்லை' என்ற இரண்டே வார்த்தை.

நான் அவரிடம் ஒன்று கேட்டேன்: "எப்போதாவது வருகிறதா, எப்போதுமே வரவில்லையா?" காலையில் போட்டால் வருமாம். மத்தியானம் சாப்பிடப் போகும்போது மூடிவிட்டுத் திரும்பி வந்து திறந்தால் வராதாம். பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. போர்டு போயிருந்தால் அது சாப்பாட்டு நேரம் பார்த்தா போகும்?

புரோகிராமை மூடச் சொல்லிவிட்டு, பவர்ஷெல்லில் மூன்று வரி அடித்து அதே காம் 4 போர்ட்டைத் தனியாகத் திறக்கச் சொன்னேன். 'ஆக்சஸ் டு த போர்ட் இஸ் டினைட்' என்று வந்தது. இந்த 'டினைட்' என்ற சொல்தான் பாதிப் பேரை ஏமாற்றுகிறது. அனுமதி இல்லை என்றால் அட்மின் ஆனால் சரியாகிவிடும் என்று நினைத்துவிடுகிறார்கள். விண்டோஸில் ஒரு சீரியல் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் திறந்து வைத்திருக்க முடியும். இரண்டாவதாக வருபவருக்குக் கிடைக்கும் பதில் இதுதான். அது அட்மினாக இருந்தாலும் இதே பதில்தான். போர்ட்டே இல்லாவிட்டால் வரும் செய்தி வேறு.

சரி, போர்ட்டைப் பிடித்து வைத்திருப்பவர் யார்? டாஸ்க் மேனேஜரில் 'டீட்டெய்ல்ஸ்' பக்கத்தைத் திறந்தால், மூடிவிட்டதாக நினைத்த அதே எடை மென்பொருள் அங்கே உட்கார்ந்திருந்தது. ஜன்னல் மூடியிருக்கிறது, ஆனால் எடையைப் படிக்கும் த்ரெட் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கிறது, போர்ட்டையும் விடவில்லை. அதை முடித்துவிட்டுப் புதிதாகத் திறந்தார். எடை வந்துவிட்டது. செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

எழுதியவர் செய்ய வேண்டியிருந்தது நாலைந்து வரி வேலை. படிவம் மூடும்போது போர்ட்டை 'க்ளோஸ்' செய்வது, அந்த த்ரெட்டுக்கு 'இஸ்பேக்ரவுண்ட்' கொடுப்பது, பிழை வந்தால் அதன் முழு வாசகத்தையும் ஒரு கோப்பில் எழுதி வைப்பது. அவர் செய்திருப்பது 'ட்ரை' போட்டு, 'கேட்ச்' உள்ளே ஒன்றும் எழுதாமல் விட்டது. "வாடிக்கையாளருக்கு அதெல்லாம் புரியாது சார்" என்று என் மாணவர்களே சிலர் சொல்வீர்கள். அவருக்குப் புரிய வேண்டாம், போனை எடுக்கும் உங்களுக்குப் புரிந்தால் போதாதா?

லினக்ஸ்காரர்களும் சிரிக்க வேண்டாம். அங்கே 'பெர்மிஷன் டினைட்' என்றால் உண்மையிலேயே அனுமதிப் பிரச்சினைதான். உபுண்டு போன்றவற்றில் உங்கள் பயனர் பெயர் 'டயல்அவுட்' குழுவில் இருக்க வேண்டும், சேர்த்தபின் ஒருமுறை வெளியேறி உள்ளே வர வேண்டும். நீங்களோ 'சிஹெச்மாட் 777' அடிக்கிறீர்கள். யூஎஸ்பி வயரைப் பிடுங்கிச் செருகினால் பழைய குருடி கதவைத் திறடி. இன்னும் சிலர் 'யூசர்மாட்' கட்டளையில் பெரிய ஜியோடு சேர வேண்டிய சின்ன ஏ எழுத்தை விட்டுவிடுகிறார்கள். மற்ற குழுக்களெல்லாம் பறிபோய், 'சுடோ' போடும் உரிமையும் போய்விடுகிறது. அப்புறம் இரவு பதினோரு மணிக்கு எனக்குப் போன்.

நான் மட்டும் யோக்கியனா? விஷுவல் பேசிக் 6 காலத்தில் ஆய்வகத்தில் எம்எஸ்காம் வைத்துப் பாடம் எடுத்தபோது, போர்ட் திறக்கவில்லை என்று எந்தப் பையன் வந்தாலும் "ரீஸ்டார்ட் பண்ணு" என்பதுதான் என் மந்திரம். திரையில் 8005 என்று வந்திருக்கும். போர்ட் ஏற்கெனவே திறந்திருக்கிறது என்று அர்த்தம். 8002 என்றால் போர்ட் எண்ணே தப்பு. படித்துச் சொல்ல எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும், சொல்லவில்லை. முப்பது பேர், பதினைந்து கம்ப்யூட்டர், மணி அடிக்கப் போகிறது. அந்த வகுப்பில் இருந்தவர்கள்தான் இன்றைக்கு வாடிக்கையாளரிடம் "ஃபார்மேட் பண்ணுங்க" என்கிறீர்களோ என்று இரண்டு நாளாக உறுத்துகிறது.

எடை மேடைக்காரர் இப்போதைக்கு மென்பொருளை மூடுவதே இல்லை, சாப்பிடப் போகும்போது ஜன்னலைச் சுருக்கி வைத்துவிட்டுப் போகிறார். விற்றவர்களுக்கு நடந்ததை எழுதி அனுப்பியிருக்கிறோம். இன்னும் பதில் இல்லை.

உங்களில் யாருக்காவது இதே தொல்லை இருந்தால் கீழே எழுதுங்கள். "சார், போர்ட் ஒர்க் ஆகல" என்று மட்டும் எழுதினால் பதில் கிடையாது. பிழைச்செய்தியின் முழு வாசகம், போர்ட் எண், எப்போது வருகிறது, எப்போது வரவில்லை, எல்லாம் வேண்டும். போட்டோ எடுத்துப் போட்டாலும் சரி, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துக்கொள்கிறேன்.