மேலே கல்லாய்க் கறி, கீழே திரிந்த பால்



ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். எங்கள் சாச்சி தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் கறி கல்லாக இருக்கிறது. கீழே காய்ச்சி வைத்த பாலோ திரிந்து போகிறது. பார்க்க வந்தவர், 'கேஸ் போய்விட்டது, கம்ப்ரஸரையும் மாற்ற வேண்டியிருக்கும்' என்கிறார். மாற்றச் சொல்லிவிடட்டுமா?"

"பொறுங்கள் சாச்சி, நான் வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். எனக்குப் பாலைப் பற்றிய கவலை இல்லை. அதே கீழறையில்தான் சாச்சா அன்றாடம் போட்டுக்கொள்ளும் இன்சுலின் குப்பிகள் இருந்தன.

கேஸ் முழுவதும் போயிருந்தால் கறி எப்படிக் கல்லாக இருக்கும்? இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டால் பல வீடுகளில் வீண் செலவு மிச்சமாகும். பனி உறையாத வகையைச் சேர்ந்த இரட்டைக் கதவுப் பெட்டிகள் பெரும்பாலானவற்றில் குளிர் உண்டாவது ஓரிடத்தில் மட்டுமே. உறைபெட்டியின் பின்சுவருக்குள் மறைந்திருக்கும் குழாய்ச் சுருளே அந்த இடம். கீழறைக்குச் சொந்தமாகக் குளிர் கிடையாது. மேலிருந்து கடனாக வருவதுதான் எல்லாம். அந்தக் குளிர்காற்றைச் சுருளிலிருந்து இழுத்து, உறைபெட்டிக்கும் கீழறைக்கும் தள்ளிவிடுவது அரைச் சாண் அகலமுள்ள ஒரு சிறு மின்விசிறி. அது நின்றால் சுருளை ஒட்டியிருக்கும் பொருள்கள் உறைந்தே இருக்கும், கீழறை மட்டும் முதலில் வெதுவெதுப்பாகும். நாளடைவில் மேல்தட்டும் இளகத் தொடங்கும். கேஸ் குறைந்த பெட்டியின் கதை வேறு. அங்கே உறைபெட்டியே முதலில் வலுவிழக்கும், ஐஸ்கிரீம் கூழாகும்.

ஒற்றைக் கதவுப் பெட்டி வைத்திருப்போர் இதைப் படித்துவிட்டு விசிறியைத் தேட வேண்டாம். பழைய முறையில் பனி படிந்து, நாமே பொத்தானை அழுத்திக் கரைக்கும் பெட்டிகளில் பொதுவாக விசிறியே இராது.

இனி, விசிறி சுற்றுகிறதா என்று அறியும் வழி. உறைபெட்டியின் கதவைத் திறந்தவுடன் பெரும்பாலான பெட்டிகளில் விசிறி நின்றுவிடும். இதை அறியாமல் கதவைத் திறந்து பார்த்து, "சுற்றவில்லை" என்று முடிவு கட்டுவோர் உண்டு. கதவின் விளிம்பு படும் இடத்தில் சிறு பொத்தான் ஒன்று இருக்கும். அதை விரலால் அழுத்திப் பிடித்தால் கதவு மூடியதாகப் பெட்டி எண்ணிக்கொள்ளும். (புதிய பெட்டிகள் சிலவற்றில் பொத்தானுக்குப் பதில் காந்தத்தால் இயங்கும் விசை மறைந்திருக்கும், அவற்றில் இம்முறை உதவாது.) பொத்தானை அழுத்தியபடியே, மெல்லிய காகிதத் துண்டொன்றைப் பின்சுவரின் காற்றுத் துளைகளுக்கு முன்னே பிடியுங்கள். காகிதம் படபடத்தால் விசிறி உயிரோடு இருக்கிறது. அசையாவிட்டாலும் உடனே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். பெட்டி ஒரு நாளில் சில முறை தானாகவே பனியைக் கரைத்துக்கொள்ளும், அந்த அரைமணி நேரம் விசிறி ஓடாது. ஒரு மணி நேரம் விட்டு மீண்டும் பாருங்கள்.

சாச்சியின் வீட்டில் காகிதம் அசையவில்லை. பின்சுவரைப் பார்க்கக்கூட இடமில்லை. குர்பானிக் கறிப் பொட்டலங்களைக் கூரை வரை அடுக்கி, காற்றுத் துளைகள் அத்தனையையும் அடைத்திருந்தார். ஒரு பொட்டலம் முன்னே துருத்திக்கொண்டு, கதவை ஒரு நூலளவு மூடவிடாமல் தடுத்திருந்தது. அந்த இடுக்கின் வழியே நம் கடற்கரை ஊரின் ஈரக்காற்று ஒரு வாரம் உள்ளே புகுந்து, பின்சுவர் முழுவதும் வெண்பனியாகப் படிந்துவிட்டது. "டக், டக் என்று ஏதாவது சத்தம் கேட்டதா?" என்று வினவினேன். "இரண்டு நாள் கேட்டது. பிறகு தானாகவே நின்றுவிட்டது, சரியாகிவிட்டது என்று நினைத்தோம்" என்றார். விசிறியின் இதழ் பனிக்கட்டியில் மோதிய சத்தம் அது. நின்றது, பனி இதழை முழுவதுமாகப் பிடித்துக்கொண்டதால். இத்தகைய சத்தம் கேட்கும் நாளிலேயே கவனித்தால் மோட்டார் பிழைக்கும்.

செய்ய வேண்டியது எளிது, பொறுமைதான் வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பொருள்களை வெளியேற்றி, இரண்டு கதவுகளையும் திறந்து வைத்து, கீழே பழந்துணிகளைப் பரப்புங்கள். சுருளுக்குள் இருக்கும் பனி முற்றிலும் கரைய ஒரு முழு நாள்கூட ஆகலாம். வெளியே தெரியும் பனி போய்விட்டது என்று அவசரப்பட வேண்டாம். சுடுநீர்ப் பாத்திரம் ஒன்றை உள்ளே வைத்தால் சற்று விரைவாகும். கத்தி, திருப்புளி, கரண்டிக் காம்பு எதனாலும் பனியைக் குத்தக் கூடாது. சுருள் அலுமினியத்தால் ஆனது. ஒரு துளை விழுந்தால், அதுவரை இல்லாத கேஸ் பழுது அப்போதுதான் உண்டாகும். மேலும், இன்றைய பெட்டிகள் பலவற்றில் இருப்பது ஐசோபியூட்டேன் என்னும் வாயு. அது தீப்பற்றக்கூடியது. பெட்டியின் பின்புறச் சீட்டில் 'ஆர் 600ஏ' என்று குறித்திருந்தால் அதுவே இது. தலைமுடி உலர்த்தும் கருவியைக் கொண்டு பனியை உருக்குவதும் வேண்டாம். நீர் சொட்டும் இடத்தில் மின்கருவிக்கு வேலையில்லை.

எல்லாம் கரைந்தபின் உள்ளே துடைத்து உலர்த்தி, பிளக்கைச் செருகிக் காகிதத்தை மீண்டும் பிடித்துப் பாருங்கள். விசிறி ஓடி, பல வாரங்கள் பழுதின்றி இருந்தால், குற்றம் கதவிலும் அடுக்கிலும்தான். ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடியும் பனி மூடினால், கதவின் ரப்பர்ப் பட்டை சரியாக ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு காகிதத்தைக் கதவில் வைத்து மூடி இழுங்கள். தடையின்றி வழுக்கி வந்தால் அவ்விடத்தில் பட்டை தளர்ந்திருக்கிறது. பட்டை நன்றாக இருந்தும் பனி மூடினால், பனி கரைக்கும் ஹீட்டரோ அதை இயக்கும் உறுப்போ பழுது. விசிறியை மாற்றி அங்கே பயன் இல்லை.

பனியே இல்லை, கம்ப்ரஸர் உறுமுகிறது, காற்று மட்டும் வரவில்லை என்றால் மோட்டார் மீது ஐயம் கொள்ளலாம். உத்தரவாதக் காலம் முடியாதிருந்தால் பின்பலகையைத் தொடாதீர்கள். முடிந்திருந்தாலும், பிளக்கைப் பிடுங்கியபின், மின்வேலை பழகியவரே திறக்கட்டும். சுருளின் தகடுகள் கத்தி போலக் கையைக் கிழிக்கும். விசிறியை விரலால் சுழற்றினால் தடையின்றிச் சுற்ற வேண்டும். இறுகியிருந்தாலும் தண்டு ஆடினாலும் மோட்டாரை மாற்றுவதே நல்லது. பழைய மாதிரிகளில் வீட்டு மின்சாரத்திலேயே ஓடும் மோட்டார் இருக்கும். இன்வெர்ட்டர் வகைகளில் 12 வோல்ட் அளவிலான நேர்மின் மோட்டார் இருப்பது வழக்கம். ஆகவே கடைக்குப் போகும்போது பழைய மோட்டாரையே கையோடு கொண்டு செல்லுங்கள். அதன் மேலுள்ள எண்ணும், சுற்றும் திசையும் ஒத்திருக்க வேண்டும்.

இன்னொன்று. கீச்சிடும் விசிறிக்குத் தேங்காய் எண்ணெய் விட்ட ஒரு வீட்டை நான் அறிவேன். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரியிலேயே உறைந்துவிடும். பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் என்ன ஆகும் என்று அவர்கள் யோசிக்கவில்லை. மறுநாள் விசிறி மெழுகில் புதைந்தது போல நின்றது.

சாச்சியின் பெட்டியில் கேஸும் கம்ப்ரஸரும் குறையின்றியே இருந்தன. பனியில் சிக்கிய மோட்டார் மட்டும் தேய்ந்துவிட்டிருந்ததால், அந்தப் பழைய ரிப்பேர்காரரையே அழைத்து அதை மாற்றச் செய்தோம். அவர் கேஸைப் பற்றி எதுவும் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பெட்டி சரியானதும் பழைய உணவை மீண்டும் உள்ளே வைக்க மனம் வரும். 5 டிகிரிக்கு மேல் நெடுநேரம் இருந்த குழம்பையும் கறியையும் கொதிக்க வைத்துவிட்டால் போதும் என்பது தவறு. சில கிருமிகள் உமிழும் நஞ்சு கொதித்தாலும் அழிவதில்லை. கையை மனத்தோடு கட்டிக்கொண்டு கொட்டிவிடுங்கள். கல்லாகவே இருந்த கறியைப் பக்கத்து வீடுகளின் உறைபெட்டிகளுக்குப் பிரித்து அனுப்பினோம். இடம் போதாததைச் சாச்சி அன்றே சமைத்துத் தெருவுக்குக் கொடுத்துவிட்டார்.

இன்சுலினில் இப்படி உத்தேசம் பார்க்க முடியாது. திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெப்பத்தில் கிடந்தவற்றைப் பயன்படுத்தலாமா என்பதை மருத்துவரிடம் கேட்ட பிறகே முடிவு செய்தோம். இரண்டு குப்பிகள் கழிந்தன. மறுபுறம், குளிர்காற்று வரும் துளையை ஒட்டி வைத்து உறைந்துபோனால், இளகிய பின்னும் இன்சுலின் பயன்படாது. எனவே நடுத்தட்டில், துளைக்கு விலகி வையுங்கள். விசிறி மாற்றிய அன்று ஒரு குவளை நீரில் வெப்பமானியை நிறுத்தி நடுத்தட்டில் வைத்தோம். மறுநாள் காலையில் அது 4 டிகிரி காட்டியது. அதன் பிறகுதான் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து சாச்சாவின் புதுக் குப்பிகளை எடுத்துவந்தோம்.