பேயா, பிணியா?

சென்ற வாரம் முக்கூடலுக்குப் போயிருந்தேன். தாமிரபரணியில் நீராடித் திரும்பும் வழியில், ஒரு திண்ணையில் ஸ்திரீகள் ஐந்தாறு பேர் மடியில் சுளகுடன் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தொழிலில் ஒரு சௌகரியம்: வேலையெல்லாம் கைக்குத்தான், வாய்க்கு ஒரு வேலையும் இல்லை. ஆகையால் வாய் வாதம் செய்துகொண்டிருந்தது. வாதம் "சந்திரமுகி" படத்தைப் பற்றி! 2005-ஆம் வருஷம் சித்திரைப் பிறப்பன்று வெளிவந்த படம்; வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

"பேயில்லை, மனநோய்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டாரே, ஆச்சி!" என்றாள் ஓர் இளம் பெண்.

"நோயாளி ஒற்றைக் கையால் கட்டிலைத் தூக்குவாளா, ஏட்டி?" என்றாள் ஆச்சி.

"கட்டில் கிடக்கட்டும், மதினி. அந்தப் பெரிய பாம்பு எதற்கு வந்தது, எங்கே போயிற்று?" என்றாள் மூன்றாமவள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நீங்கள் சொல்லுங்கள், அண்ணாச்சி!"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 1993-இல் பாசில் இயக்கிய "மணிச்சித்திரத்தாழ்" என்ற மலையாளப் படமே மூலம். அதில் பாம்பு கிடையாது. நடுவழியில் ஏறிக்கொண்ட பிரயாணி அது. ஆவேசத்தில் வழக்கத்துக்குச் சற்று மிஞ்சிய பலம் வருவதுண்டு. கட்டிலைத் தூக்குமளவு பலம் மட்டும் சினிமாவின் உபயம். இன்னொரு வேடிக்கை: மலையாளப் படத்தில் நாட்டியக்காரி தஞ்சாவூர்க்காரி; தமிழ் பேசுகிறாள். தமிழில் அவளே தெலுங்கு பேசுகிறாள். 2007-இல் வந்த ஹிந்திப் படத்திலோ வங்காளி! பேய் என்றால் அது அடுத்த வீட்டிலிருந்துதான் வரவேண்டும் போலும்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆச்சி மட்டும் சிரிக்கவில்லை. கத்தரியைக் கீழே வைத்தாள்.

"என் நாத்தனாருக்கும் பேய் என்றுதான் சொன்னார்கள், ஐயா. வேப்பிலையால் அடித்தோம். அவள் கட்டிலையும் தூக்கவில்லை. வேற்றுப் பாஷையும் பேசவில்லை. மூலையில் உட்கார்ந்து அழுதாள், அவ்வளவுதான். டாக்டரிடம் போகலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை."

எனக்கு ஏர்வாடி நினைவு வந்தது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, ராமநாதபுரம் ஜில்லாவில் அந்த ஊர்க் காப்பகமொன்றின் கூரைக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியின்றி, 28 பேர் மாண்டார்கள். அந்தக் கோரத்துக்கு நாலு வருஷம் கழித்து வந்த படத்தில், கங்காவை யாரும் சங்கிலியில் கட்டவில்லை. கணவன் டாக்டரை நம்புகிறான், மந்திரவாதியும் டாக்டருக்கு ஒத்தாசை செய்கிறார், அவள் பிழைக்கிறாள்.

இதைச் சொன்னதும் திண்ணையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு ஆச்சி இளம் பெண்ணைப் பார்த்து, "ஏட்டி, நீ சொன்னதுதான் சரி. நோய்தான்" என்றாள்.

"அப்படியானால் அந்தப் பாம்பு?" என்றாள் மூன்றாமவள், விடாமல்.

"அது எங்கேயோ போய்த் தொலையட்டும்!" என்று சொல்லி, ஆச்சி மறுபடியும் கத்தரியைக் கையில் எடுத்தாள்.