அறுபது அலகும் இரண்டு மின்விசிறிகளும்

மின் கட்டணம் 2022 ஓகஸ்டில் 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் உயர்ந்தது. 2025 ஜனவரியில் 20 சதவீதம் குறைத்தார்கள். ஜூனில் மீண்டும் 15 சதவீதம் கூட்டினார்கள். ஒவ்வொரு முறையும் நாம் பேசியது அலகின் விலையைப் பற்றித்தான். பாவனையைக் குறைக்க வீடுகளுக்கு என்ன உதவி கிடைத்தது என்று கேட்டவர்கள் குறைவு.

கடந்த தவணையில் தரம் 10 மாணவர்களிடம் வீட்டு மின்பட்டியலைக் கொண்டுவரச் சொன்னேன். பலரது பாவனை 60 அலகைச் சற்றுத் தாண்டி நின்றது. இங்கேதான் சிக்கல். மாதத்துக்கு 60 அலகைத் தாண்டினால் மேலதிக அலகுகளுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, முதல் 60 அலகுகளுக்கும் சேர்த்தே ஏறுகிறது. நிலையான கட்டணமும் கூடுகிறது.

அடுத்து மின்விசிறிக் கணக்கைப் போட்டோம். பழைய கூரை விசிறி சுமார் 75 வொட். பிஎல்டிசி மோட்டர் கொண்டது சுமார் 35. நாளுக்குப் பத்து மணித்தியாலம் ஓடினால் ஒரு விசிறியில் மாதம் 12 அலகு மிச்சம், இரண்டில் 24. 78 அலகு பாவித்த வீடு 54க்கு இறங்கிவிடும். தகரக் கூரையின் கீழ் விசிறியை நிறுத்து என்று யாரும் சொல்ல முடியாது, விசிறியை மாற்றத்தான் முடியும். ஆனால் புதியதன் விலையைக் கேட்டதும் பெற்றோர் பழையதே போதும் என்று திரும்பி வந்துவிடுகிறார்கள்.

நம் நாட்டில் உதவியே இல்லை என்பதல்ல. 2016இல் தொடங்கிய சூரிய பல சங்கிராமய திட்டத்தில், கூரையில் சூரியப் படலம் பொருத்தியவர்களிடம் மேலதிக மின்சாரத்தை அலகு 22 ரூபாவுக்கு வாங்கினார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் உறுதியான சொந்தக் கூரையும் இலட்சக்கணக்கில் பணமோ வங்கிக் கடனோ உள்ளவருக்கே அது எட்டியது. வாடகை வீட்டுக்காரருக்கு அதில் இடமில்லை.

அமெரிக்கா 2022இல் இயற்றிய சட்டத்தின் வீட்டுக் கழிவுத் திட்டமொன்று எதிர்த்திசையில் யோசித்தது. வீட்டைச் சூடாக்கவும் குளிராக்கவும் வல்ல ஹீட் பம்ப் இயந்திரத்துக்கு 8,000 டொலர் வரை கழிவு. அந்த உச்ச வரம்புக்குள் குறைந்த வருமானக் குடும்பத்துக்கு முழுச் செலவும், நடுத்தரக் குடும்பத்துக்குப் பாதியும். அவ்வளவு பணம் நம்மிடம் இல்லை, உண்மை. ஆனால் இந்தியா 2015இல் எல்ஈடி மின்குமிழைப் பத்து ரூபா முற்பணத்துக்குக் கொடுத்து, மீதியை மாதாந்த மின்பட்டியலில் அறவிட்டதே! விசிறிக்கு அந்த வழி ஏன் பொருந்தாது? மிச்சமாகும் பணத்திலிருந்தே தவணை கட்டலாம். மாலை நேர உச்சக் கேள்வி குறைந்தால் எரிக்கும் எண்ணெயும் குறையும்.

ஒரு மாணவி கேட்டாள்: “சேர், இதை ஆருக்கிட்டச் சொல்ற?”

கட்டணத் திருத்தத்தின்போது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களிடம் கருத்துக் கேட்கிறது. அடுத்த முறை இந்தக் கணக்கை எழுதி அனுப்பப் போகிறேன். பெயரையும் கணக்கிலக்கத்தையும் மறைத்து, பட்டியல்களின் பிரதிகளைத் தரும்படி மாணவர்களிடம் கேட்டிருக்கிறேன்.