முதலில் படத்தைக் காட்டச் சொல்லுங்கள்



பிளஸ் டூ முடித்த பையன், "அப்பா, எனக்கு ஒரு கேமரா வேணும்" என்று ஆரம்பிக்கிறான். "எந்தக் கேமரா?" என்று அப்பா தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் போச்சு. அன்று ராத்திரி கை காய்கிற வரை தட்டைவிட்டு யாரும் எழுந்திருக்க முடியாது. கேனனா, நிக்கானா, சோனியா? டிஎஸ்எல்ஆரா, மிர்ரர்லெஸ்ஸா? பையன் மாதக்கணக்கில் யூடியூப் பார்த்திருக்கிறான். ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார்கள். ஒரே ஒரு விஷயத்தில்தான் எல்லாருக்கும் ஒற்றுமை. "உங்க பட்ஜெட்டுக்கு மேல இன்னும் கொஞ்சம் போட்டா..."

அந்த "இன்னும் கொஞ்சம்" நம் வீடுகளில் என்ன பாடு படுத்துகிறது என்பது உங்களுக்கே தெரியும். இருபதாயிரம் கூட என்பது சொல்கிறவருக்கு அரை நிமிடப் பேச்சு. நமக்கு அது தங்கச்சியின் டெர்ம் ஃபீஸ், அம்மாவின் நகைச்சீட்டு, இல்லையென்றால் இன்னும் ஆறு மாத இஎம்ஐ.

இந்தப் பக்கத்தில் எந்த பிராண்டையும் நான் சிபாரிசு செய்யப் போவதில்லை. ஆனால் சிபாரிசு செய்கிறவர்களை எப்படிக் கேட்பது என்று கொஞ்சம் பேசலாம். யார் ஆலோசனை சொன்னாலும் சரி, முதலில் அவர் எடுத்த படங்களைப் பாருங்கள். டப்பாவைப் பிரித்து, பட்டனை அழுத்தி, மெனுவைக் காட்டுகிற வீடியோக்கள் ஆயிரம் இருக்கின்றன. அந்தக் கேமராவை வைத்துக்கொண்டு அந்த மனிதர் எடுத்த படம் எங்கே? ஒரு கல்யாணம், ஒரு திருவிழா, சொந்த வீட்டுக் குழந்தை... ஏதாவது? செங்கல் சுவரைப் படம் எடுத்து, நூறு மடங்கு பெரிதாக்கி, ஓரத்தில் கூர்மை குறைகிறது என்கிறார்கள். யார் வீட்டு ஆல்பத்தில் செங்கல் சுவர் இருக்கிறது?

அடுத்ததாக, அவருக்கு இதில் என்ன வரும்படி என்று பாருங்கள். வீடியோவுக்குக் கீழே இருக்கும் லிங்க்கைத் தொட்டு நாம் வாங்கினால் பேசினவருக்குக் கமிஷன் போகும். அதில் தப்பில்லை, உழைக்கிறார்கள். ஆனால் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். விளம்பரத் துறையினரே நடத்தும் ஆஸ்கி அமைப்பு 2021-லேயே இதற்கு விதிமுறை வகுத்தது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் வழிகாட்டுதல் வெளியிட்டது. காசு வாங்கினாலும், பொருளை இனாமாக வாங்கினாலும், பார்ப்பவருக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட வேண்டும் என்பதுதான் அதன் சாரம். பத்திரிகையிலும்தான் விளம்பரம் வருகிறது. அது விளம்பரம் என்று உங்களுக்குப் பார்த்ததும் தெரிகிறதல்லவா? அவ்வளவுதான் கேட்கிறோம்.

காசு வாங்காதவர்கள் கதை வேறு. அவர்கள் பக்தர்கள். "நிக்கான் கலர் வருமா?", "கேனன் ஸ்கின் டோன் முன்னாடி நிக்குமா?" என்று மல்லுக்கு நிற்பவர்கள். இவர்களுக்கு யாரும் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. பிறகு ஏன் இந்த ஆவேசம்?

கேமரா வாங்குவது சம்பந்தம் பண்ணுகிற மாதிரி. பாடியோடு நின்றால் பரவாயில்லை, நிற்காது. லென்ஸ் ஒன்று, இரண்டு, ஃபிளாஷ், பேட்டரி என்று உறவு வளரும். ஒரு கம்பெனி லென்ஸ் இன்னொரு கம்பெனி பாடியில் நேரடியாகப் பொருந்தாது. அடாப்டர் என்று ஒன்று உண்டு, எல்லாவற்றுக்கும் அது சரிப்படுவதில்லை. இரண்டு லென்ஸ் வாங்கியாயிற்றா, இனி மாறுவதென்றால் எல்லாவற்றையும் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்புறம் சம்பந்தி வீட்டை விட்டுக்கொடுத்துப் பேச முடியுமா? தரத்தைப் பார்த்து வந்த விசுவாசத்தைவிட, போட்ட காசைப் பார்த்து வந்த விசுவாசம்தான் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

கம்பெனிகளுக்கு இந்த மாதிரி வைராக்கியமெல்லாம் கிடையாது. இன்று கேனன் என்று நாம் சொல்லும் நிறுவனம் முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த கேமரா, 1936-ல் வந்த ஹன்ஸா கேனன். அதன் லென்ஸ் யார் செய்தது தெரியுமா? நிப்பான் கோகாகு, அதாவது இன்றைய நிக்கான். லென்ஸ் மேலேயே நிக்கோர் என்று எழுதியிருக்கும். இன்றைக்கும் நிக்கானின் பல கேமராக்களுக்குள் இருக்கும் சென்சார் சோனி தயாரித்தது. முதலாளிகள் ஒருவருக்கொருவர் வியாபாரம் பண்ணிக்கொள்கிறார்கள். நம் பிள்ளைகள்தான் கமெண்ட்டில் கட்டிப் புரள்கிறார்கள்.

அந்த விசுவாசத்தைக் கம்பெனி திருப்பித் தருமா? கேனன் 1987-ல், லென்ஸ் பாடியில் பொருந்தும் வாயான மவுண்ட்டைப் புதிதாக மாற்றியபோது, பழைய லென்ஸ்களைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் கையைப் பிசைந்தார்கள். 2018-ல் கேனனும் நிக்கானும் மிர்ரர்லெஸ்ஸுக்காகப் புதிய மவுண்ட் கொண்டுவந்தன. இந்த முறை அடாப்டராவது கொடுத்தார்கள். கோனிகா மினோல்டா 2006-ல் கேமரா தொழிலையே விட்டுவிட்டுச் சோனியிடம் ஒப்படைத்தது. ஒலிம்பஸ் 2021-ல் தன் கேமரா பிரிவைக் கைமாற்றிவிட்டது.

இப்படியெல்லாம் சொன்னால் உடனே சிலர், "சரியா சொன்னீங்க சார், கருவியில் என்ன இருக்கு, கண்தான் முக்கியம்" என்பார்கள். அதையும் நான் முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். வேடந்தாங்கலில் ஏரிக்கரையில் நின்றுகொண்டு, மரத்தின் உச்சியில் இருக்கும் நாரையைப் போனில் எடுத்துப் பாருங்கள். கண் எவ்வளவு நல்ல கண்ணாக இருந்தாலும் படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளிதான் விழும். அங்கே நீளமான லென்ஸ் வேண்டும், அது விலை கூடியதுதான். கருவி முக்கியமில்லை என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் நல்ல கருவி கையில் இருப்பவர்கள்.

எந்தக் கருவி, எந்த வேலைக்கு? கேள்வி அங்கேதான் இருக்கிறது.

ஸ்கூல் ஆண்டு விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் "கேமரா சரியில்லை, புதுசு வாங்கணும்" என்ற பேச்சு கிளம்புகிற இடம் அதுதான். ஹாலில் விளக்கை அணைத்துவிட்டார்கள். மேடையில் மங்கலான சிவப்பு வெளிச்சம். பாப்பா கரகம் ஆடுகிறாள். கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸை முழுக்க ஜூம் பண்ணினால், அதன் துவாரம் 5.6-க்கு மேல் திறக்காது (இந்த எண் குறையக் குறையத் துவாரம் பெரிது). வெளிச்சம் போதாமல் ஷட்டர் முப்பதில் ஒரு நொடிக்கு இறங்கிவிடுகிறது. அதற்குள் பாப்பா அசைந்துவிட்டாள். படத்தில் பாவாடை இருக்கிறது, முகம் இல்லை.

அதே பழைய பாடியில் 1.8 வரை திறக்கும் 50 எம்எம் லென்ஸ் ஒன்றை மாட்டுங்கள். உள்ளே வரும் வெளிச்சம் ஒன்பது மடங்குக்கு மேல். முப்பதில் ஒரு நொடி என்பது முந்நூறில் ஒரு நொடியை நெருங்கிவிடும். முகம் நிற்கும், சிரிப்பும் நிற்கும். அந்த லென்ஸ் கேனன், நிக்கான், சோனி மூன்றிலும் உண்டு. புது பாடி விலையில் சின்னப் பங்குதான் ஆகும். பழையது கிடைத்தால் இன்னும் மலிவு. ஜூம் கிடையாது என்பதால் முன் வரிசையில் இடம் பிடிப்பது மட்டும் உங்கள் பொறுப்பு. "எந்த பிராண்ட் நல்லது?" என்று நாள் பூரா சண்டை போட்டாலும் இந்த ஒரு தகவல் உங்களுக்குக் கிடைத்திருக்குமா?

இன்னொரு விஷயம், நம் ஊர் காற்று. குளிர்நாட்டில் உட்கார்ந்து ஆலோசனை சொல்பவர்களுக்குச் சென்னையின் புழுக்கமும் நாகப்பட்டினத்தின் கடல்காற்றும் எப்படித் தெரியும்? கேமராவைப் பத்திரமாக வைக்கிறோம் என்று, பையோடு பீரோவுக்குள் பூட்டி வைக்கிறோம். அடுத்த தீபாவளிக்கு எடுத்துப் பார்த்தால் லென்ஸுக்குள் நூல் நூலாக, ஒட்டடை மாதிரி படர்ந்திருக்கும். பூஞ்சை. இருட்டும் ஈரமும் அதற்குக் கொண்டாட்டம். காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் கேமராவை வைத்து, கூடவே சிலிகா ஜெல் பாக்கெட்டுகளைப் போடுங்கள். நீலக் கல் ரோஸ் நிறமானால் ஈரத்தைக் குடித்துவிட்டது என்று அர்த்தம், மாற்றிவிடுங்கள். முக்கியமாக, கேமராவை அடிக்கடி வெளியே எடுத்துப் படம் எடுங்கள். உபயோகத்தில் இருக்கிற கேமராவில் பூஞ்சை அவ்வளவு சீக்கிரம் வராது.

இதெல்லாம் உங்கள் தெரு முனை ஸ்டூடியோ அண்ணனுக்கு அத்துப்படி. வருஷம் பூரா முகூர்த்தம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று அலைகிறவர். எந்த லென்ஸ் மண்டப வெளிச்சத்தில் தாங்கும், எந்த சர்வீஸ் சென்டரில் சொன்ன தேதிக்குத் திருப்பித் தருவார்கள், எந்த பேட்டரி பந்தி முடிவதற்குள் படுத்துவிடும் என்பதெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டவர். அவரிடம் போய்க் கேட்டிருக்கிறோமா? பையனை இரண்டு முகூர்த்தத்துக்கு அவரோடு லைட் பிடிக்க அனுப்பிப் பாருங்கள். அதற்கப்புறமும் அவனுக்குக் கேமரா மேல் ஆசை இருந்தால் அது உண்மையான ஆசை, தாராளமாக வாங்கிக் கொடுக்கலாம். அவசரமென்றால் பெரிய ஊர்களில் நாள் வாடகைக்கே கேமரா கிடைக்கிறது.

அடிக்கடி கருவி மாற்ற ஆசைப்படுகிறவர்களுக்கு ஒருவரைச் சொல்கிறேன். 1950-ல் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் திருவண்ணாமலைக்கு வந்து படம் எடுத்தவர், ஹென்றி கார்த்தியே ப்ரெஸோன் என்ற பிரெஞ்சுக்காரர். லைக்கா வைத்திருந்தார். அது அன்றைக்கும் ஏழை வாங்குகிற சாமான் இல்லை, அதை மறைப்பானேன்? ஆனால் தன் வாழ்நாளின் பெரும்பகுதிப் படங்களை அவர் 50 எம்எம் லென்ஸ் ஒன்றிலேயே எடுத்தார். வருஷத்துக்கு ஒரு மாடல் மாற்ற நினைக்கிறவர்கள் அவர் படங்களை ஒரு மாலை உட்கார்ந்து பார்க்கலாம்.

கடைசியாக மெகாபிக்சல். ஒரு ஏ4 பக்கம் முழுக்க நல்ல தரத்தில் அச்சடிக்க, ஏறக்குறைய 9 மெகாபிக்சல் போதும். ஆறேழு வருடப் பழைய சாதாரண போனிலேயே 12 இருக்கிறது. அப்படியானால் வாசகர்கள் அனுப்பும் பல நல்ல படங்கள் ஏன் அச்சேறாமல் போகின்றன? கேமரா காரணமில்லை, வாட்ஸ்அப்தான். சாதாரணமாக அனுப்பும்போது அது படத்தைச் சுருக்கிவிடுகிறது. போன் திரையில் பளிச்சென்று தெரியும், பக்கத்தில் போட்டால் கட்டம் கட்டமாக உடையும்.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை படம் அனுப்பும்போது "டாக்குமெண்ட்" என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், அல்லது மெயிலில் இணைத்துவிடுங்கள். யார் எடுத்தது, எந்த ஊர், படத்தில் இருப்பவர்கள் யார் என்று இரண்டு வரி எழுதுங்கள். படத்தில் இருப்பவர்களிடம் பிரசுரிக்கச் சம்மதமும் கேட்டுவிடுங்கள். எந்தக் கேமராவில் எடுத்தீர்கள் என்று மட்டும் எழுத வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்